அரிசிச் சாக்கும் மாவுப் பையும்: தலவாக்கலைத் தோட்டங்களின் உணவு வரலாறு

தீட்டிய மாவை விட்டுத் தவிட்டோடு கூடிய தானியத்துக்குத் திரும்புக, பொதியில் அடைத்து வருவதைக் குறைத்து வீட்டில் ஆக்கியதை உண்க என்று அறிவுரை கூறுவோர், கேட்கும் குடும்பத்திடம் தெரிந்தெடுப்பதற்கான காசும் நேரமும் ஒரு துண்டு நிலமும் இருப்பதாக வைத்துக்கொண்டே பேசுகின்றனர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், கொத்மலை ஓயாவை அடுத்து அமைந்த தலவாக்கலை நகரையும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டால், இந்த மூன்றும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் சேர்ந்திருந்தது மிக அரிது என்பது புலப்படும். அங்கே குடும்பம் எதை உண்ண வேண்டும் என்பதை ஏறத்தாழ 150 ஆண்டுகளாகத் தோட்ட நிருவாகமும், உலகப் போரும், அரசின் பங்கீட்டு அட்டையும், துறைமுகத்து மாவாலையும் மாறி மாறித் தீர்மானித்து வந்தன. அவை விட்டுவைத்த இடைவெளியில்தான் வீட்டுப் பெண்கள் தங்கள் தெரிவை நடத்தினர்.

மலைக்கு வந்தவர்கள் அரிசியையே முதன்மை உணவாகக் கொண்ட மக்கள் அல்லர் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணி என்னும் ஆள்சேர்ப்பாளரின் பின்னால் புறப்பட்டு வந்தோரில் பெரும்பாலார் வானம் பார்த்த பூமியின் உழைப்பாளிகள். அவர்களது அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளச்சோறும் ஆகும், நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய வீட்டுக் கலியாணத்துக்கும் உரியது. ஆகவே மலையில் நாள்தோறும் அரிசிச்சோறு கிடைக்கும் என்ற சொல், பஞ்சத்தில் அடிபட்ட ஊர்களில் சம்பளத்தைக் காட்டிலும் வலிமையான ஈர்ப்பாக இருந்தது. இன்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கும் சிறுதானியங்களை விட்டுவிட்டு வந்ததை அம்மக்கள் இழப்பாக எண்ணவில்லை. வறுமையின் அடையாளம் ஒன்று கழிந்ததாகவே எண்ணினர், அப்படி எண்ணியதில் நியாயமும் இருந்தது.

கோப்பிக் காலத்தில், அதாவது 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழித்துத் தேயிலைக்கு வழிவிடும் வரையில், மலையிலிருந்து கோப்பி மூட்டைகளை இறக்கிச் சென்ற மாட்டுவண்டிகள் திரும்புகையில் அரிசி மூட்டைகளை ஏற்றி வந்தன. இரயில் பாதை 1867இல் கண்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவையும் எட்டிய பின்னர், வண்டிகளின் வேலையைச் சரக்குப் பெட்டிகள் மேற்கொண்டன. தேயிலைப் பெட்டி இறங்க, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசிச் சாக்கு ஏறியது. தோட்டத்தின் களஞ்சியத்தில் சேர்ந்த அந்த அரிசி, தொழிலாளருக்கு முன்கடனாக அளந்து கொடுக்கப்பட்டு அதன் விலை மாதச் சம்பளத்தில் கழிக்கப்பட்டதால், கையில் வரும் காசு பல குடும்பங்களுக்குப் பெயரளவில் மட்டுமே இருந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கென இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. குறித்த விலையில் அரிசி வழங்குவதைச் சம்பளக் கணக்கின் ஒரு பகுதியாகவே அது ஏற்றுக்கொண்டது. அரிசியின் தரம், வகை, அளவு ஆகிய எதிலும் உண்பவருக்குச் சொல் இருக்கவில்லை. சாக்கில் கல்லும் புழுவும் இருந்தாலும் அதைப் புடைத்துப் பொறுக்குவது வரையில்தான் வீட்டின் அதிகாரம் சென்றது.

எனினும் இந்த அரிசியைப் பற்றி ஒரு செய்தி சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. தமிழ்த் தொழிலாளருக்கென வந்த அரிசி பெரும்பாலும் புழுங்கலரிசி, அதாவது நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திய பின் குத்தியது. இதே காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர், கால்கள் மரத்து வீங்கி இதயம் தளர்ந்து இறக்கும் பெரிபெரி என்னும் நோய்க்குப் பெருந்தொகையாகப் பலியாகினர். அந்நாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழரிடமோ அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இதைக் கவனித்த லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் குற்றத்தை அரிசியின் மேல் ஏற்றினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் மறு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, நோய் பச்சரிசி உண்டோரிடமே தோன்றியது. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து மணியின் உள்ளே ஊடுருவி விடுவதால், பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது என்ற விளக்கம் பிற்பாடு வந்தது. உணவைப் பதப்படுத்துவது எல்லாமே கேடு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது: ஆலையின் தீட்டுதல் எதைப் பறித்ததோ அதில் ஒரு பகுதியைத் தமிழ் வீட்டின் அவியல் பானை முன்னதாகவே காப்பாற்றி வைத்திருந்தது. தோட்ட மக்களை வாட்டியது வேறு நோய். வெறுங்காலுடன் ஈரமலையில் நடந்தோரின் உடலில் புகுந்து குருதியை உறிஞ்சிய கொக்கிப்புழு. அதற்கெதிராக ராக்பெல்லர் அறக்கட்டளை 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் இயக்கம் நடத்தியது. குருதிச்சோகை தோட்டப் பெண்களின் உடலில் நெடுநாள் தங்கிவிட்டதற்கு இப்புழுவும் இரும்புச்சத்துக் குறைந்த உணவும் சேர்ந்தே காரணமாயின.

சாக்கிலிருந்து வந்ததைத் தவிர்த்த எஞ்சிய உணவு வீட்டின் கையில் இருந்தது. லயம் என்று அழைக்கப்பட்ட வரிசை அறைகளின் பின்புறத்தில் கிடைத்த சில அடி நிலத்தில் போஞ்சியும் கோவாவும் சவ்சவ்வும் பயிராயின. தேயிலைச் செடிகளின் இடையிலும் நீரோடைக் கரைகளிலும் வல்லாரையும் மணத்தக்காளியும் பிற கீரைகளும் தாமாகவே முளைத்தன. இயன்றவர்கள் ஒரு பசுவோ சில கோழிகளோ வைத்திருந்தனர். ஆயினும் சமவெளியின் சமையலறிவு முழுவதையும் மலைக்குக் கொண்டுவர இயலவில்லை என்பது பலராலும் கவனிக்கப்படாத உண்மையாகும். தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 100 பாகையில் அன்றி 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கடலையும் பயறும் வேக நேரமும் விறகும் கூடுதலாக வேண்டும். குளிரில் இட்லி மாவு எளிதில் புளிக்காது. தமிழ்நாட்டில் ஏழை வீட்டின் மருந்தென்று போற்றப்படும் முருங்கை, இந்தக் குளிரில் செழிப்பதில்லை. ஊட்டச்சத்துப் பற்றிய துண்டுப்பிரசுரங்களில் முருங்கைக் கீரையைப் பரிந்துரைப்போர் ஒருமுறை நானுஓயாப் பக்கம் வந்து அந்த மரத்தைத் தேடிப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

கோதுமை மா இந்த மலைக்கு அன்றாட உணவாக வந்தது போரின் வழியாகவே. 1942இல் யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும், இலங்கையின் அரிசி வரவில் பெரும்பகுதி ஒரேயடியாக அறுந்து போயிற்று. அரசு பங்கீட்டு முறையைக் கொண்டுவந்து, குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவையும் கிடைத்த பிற தானியங்களையும் வழங்கியது. அதுவரை ரொட்டி என்பதை அரிதாகக் கண்ட அடுப்புகளில், மாவைத் தண்ணீரும் உப்பும் கூட்டிப் பிசைந்து, கிடைத்தால் தேங்காய்ப்பூச் சேர்த்து, தட்டிச் சுடும் பழக்கம் வேரூன்றியது. போர் முடிந்த பின்னும் மா திரும்பிப் போகவில்லை. அமெரிக்காவின் உபரிக் கோதுமை உணவு உதவித் திட்டங்கள் வாயிலாக ஆசிய நாடுகளுக்குப் பாய்ந்த காலம் அது. மானிய விலையில் விற்கப்பட்ட மா அரிசியைவிட மலிவாக இருந்தது.

இவ்விடத்தில் அரசியலையும் சொல்லாமல் விட இயலாது. அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதற்கு எதிராக 1953 ஓகஸ்டில் நடந்த ஹர்த்தால், ஒரு பிரதமர் பதவி விலகும் அளவுக்கு நாட்டை உலுக்கியது. அதன் பின் எந்த அரசும் வாக்காளரின் சோற்றுத்தட்டில் அஞ்சாமல் கைவைத்ததில்லை. தலவாக்கலையிலோ, 1947இல் தோட்ட எழுத்தாளரும் தொழிற்சங்கத் தலைவருமான சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் பெரும்பான்மையாக வாக்குரிமையை இழந்து நின்றனர். உணவுக் கொள்கை வாக்குகளைக் கணக்கிட்டு வகுக்கப்பட்ட நாட்டில், வாக்கில்லாதவரின் தட்டைப் பற்றி யாரும் கணக்கிட வேண்டியிருக்கவில்லை.

மலிவு மட்டுமே மாவை நிலைபெறச் செய்யவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் அதைவிட வலுவான காரணம். விடியுமுன் எழுந்து தண்ணீர் கொணர்ந்து, பிள்ளைகளை ஆயத்தம் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவம் எனப்படும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் விட்டு, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு, அரிசி கழுவி உலையேற்றிச் சோறும் கறியும் ஆக்குவதற்கான பொழுது இல்லை. பிசைந்த மாவு அரைமணிக்குள் ரொட்டியாகிறது. துணியில் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்லலாம், சிந்தாது, மாலை வரை கெடாது, நின்றபடியே உண்ணலாம். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் தேங்காயும் இடித்த சம்பல் ஒரு கரண்டி இருந்தால் வேறு கறி தேவையில்லை. சோறு இரவு உணவாக ஒதுங்கியது. பகலுக்கு ரொட்டியும் சாயத்தண்ணியும், அதாவது பாலில்லாத தேநீரும், நிலைத்தன. ஆணும் அதே மலையில் வேலை செய்தான் எனினும் அடுப்பின் பொறுப்பு அவனுக்கு உரியதாகக் கருதப்படவில்லை. தோட்டக் குடும்பத்தின் உணவைத் திருத்த முனைந்த திட்டங்கள் பெரும்பாலும் தாய்க்கு அறிவு புகட்டுவதாகவே அமைந்ததையும், தந்தையின் கையில் உலக்கையைக் கொடுக்க எதுவும் துணியாததையும் இங்கே குறித்து வைக்கலாம்.

உடலுக்கு இந்த மாற்றத்தின் விலை மெதுவாகவே தெரிந்தது. கோதுமையின் வெளித்தோலும் முளைக்கருவும் அரைவையில் நீக்கப்படும்போது நார்ச்சத்தும் இரும்பும் பி வகை உயிர்ச்சத்துகளும் பெரிதும் கழிந்து, மாச்சத்தும் ஓரளவு புரதமும் மட்டுமே வெள்ளை மாவில் எஞ்சுகின்றன. புழுங்கலரிசி தந்த தற்செயலான பாதுகாப்பு இதில் இல்லை. உணவோடு அருந்தும் சாயத்தண்ணியில் உள்ள தனின் வகைப் பொருள்கள், தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற சொற்ப இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவர்கள் அதே தேயிலையை உணவோடு பருகித் தங்கள் குருதியின் வலுவை மேலும் குறைத்துக்கொண்டார்கள் என்பது கசப்பான முரண். உண்ட ஒரு மணி நேரத்துக்குப் பின் தேநீர் குடித்தாலே இந்தக் கேடு பெரிதும் குறையும் என்பதால், செலவே இல்லாத திருத்தமும் இதுவேயாகும்.

1973, 1974 ஆண்டுகளின் பஞ்சம் இந்தச் சார்பின் ஆழத்தை வெளிப்படுத்தியது. உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, அரிசி ஆகியவற்றின் விலைகள் ஒருசேர ஏற, அரசு இறக்குமதியைச் சுருக்கிப் பங்கீட்டைக் குறைத்தது. நெல்லையும் அரிசியையும் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. வயலுள்ள கிராமத்துக் குடும்பம் தன் நெல்லில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டது, மரவள்ளியும் வற்றாளையும் நட்டது. லயத்துக் குடும்பத்துக்கோ நட நிலமில்லை, வாங்க மாவில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அவ்வாண்டுகளில் தோட்டத்துறையின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் கூர்மையாக உயர்ந்தது. உணவு தேடி நகரங்களுக்கு இறங்கியோரும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்குப் பெயர் பதிந்து கப்பலேறியோரும் பலர். அந்தத் தலைமுறையில் எஞ்சியவர்களுக்கு மா நிறைந்த பை என்பது சத்துக் குறைந்த பொருளாகத் தோன்றாமல் பாதுகாப்பின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நிலத்தைப் பற்றிய வேட்கையும் அப்போதே கூர்மையடைந்தது. 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தின்போது, தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்நீத்தார்.

அதே 1977இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிரிமா மாவாலையும், அதன் பின்னான தெருவோரக் கடைகளும் சேர்ந்து மாவை இன்னொரு படிக்கு உயர்த்தின. ரொட்டியோடு பாணும் பணிஸும் பிஸ்கட்டும் வந்தன. சம்பலுக்குப் பக்கத்தில் சோயா மீட் எனப்படும், சோயாவிலிருந்து ஆலையில் உருவாக்கிய உலர்துண்டுகள் இடம்பிடித்தன. பிள்ளைகளின் பள்ளிப் பையில் உடனடி நூடில்ஸும் சீனிப் பானமும் சேர்ந்தன. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொந்தேய்ரோவும் அவரது குழுவினரும் வகுத்த நோவா என்னும் பாகுபாடு, உணவுகளை அவற்றின் சத்தைக்கொண்டு அன்றி அவை ஆலையில் எந்த அளவு மாற்றப்பட்டன என்பதைக்கொண்டு நான்காகப் பிரிக்கிறது. இயற்கையானவை அல்லது சிறிதே பதப்படுத்தியவை, எண்ணெயும் சீனியும் போன்ற சமையல் சேர்மானங்கள், பதப்படுத்தியவை, வீட்டு அடுப்பில் செய்யவே இயலாத ஆலைக்கூட்டுகளான மிகையாகப் பதப்படுத்தியவை என்பன அவை. இதன்படி லயத்தில் தட்டிய தேங்காய் ரொட்டி குற்றவாளிக் கூண்டில் ஏறாது. பிஸ்கட்டும் நூடில்ஸும் ஏறும். பாகுபாடு பயனுள்ளதுதான், ஆனால் தலவாக்கலையின் சிக்கலை அது பாதியளவே பிடிக்கிறது. அங்கே நெடுங்காலம் குடும்பத்தை மெலியச் செய்தது மிகைப் பதம் அன்று. ஒரே பொருளை மூன்று வேளையும் உண்ண நேர்ந்த ஒருமுகத் தன்மையே ஆகும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய நிலையில் 17.3 விழுக்காடாகவும் தோட்டத்துறையில் 31.7 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. அதே ஆண்டில், குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறிகளால் காட்ட வேண்டும் என்ற விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு குடும்பம் வளர்ச்சி குன்றலையும் சீனிப் பானத்தையும் ஒரே கூரையின் கீழ் எதிர்கொள்ளும் காலம் இது.

1973இல் தொடங்கிய திரிபோஷ, அதாவது சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்து கருவுற்ற தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்கப்படும் சத்துமா, ஆலையில் ஆக்கியதாயினும் பயன் தந்தது என்பதை மறுக்க இயலாது. அதேவேளை, தலவாக்கலைக்கு அருகே செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்ட நாள் தொட்டுத் தேயிலைச் செடிக்கு எந்த மண்ணில் எவ்வளவு சத்து இட வேண்டும் என்பதை நுணுக்கமாக அளந்து வந்திருக்கிறது. செடியின் பசியைப் பற்றித் திரண்ட அறிவோடு ஒப்பிடுகையில், அதைப் பறித்த கையின் பசியைப் பற்றிய அறிவு பிந்தியும் மெலிந்துமே வந்தது. களையெடுக்கக் கைகளுக்குப் பதில் களைகொல்லி வந்த பின், தேயிலைக்கிடையில் முளைத்த கீரையை நம்பிப் பறிக்கவும் முடியாமற் போயிற்று. 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபொசேட் என்னும் களைகொல்லி 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆட்டுக்கல்லும் திருகையும் மறைந்ததைவிட இலவசமாய் விளைந்த கீரை மறைந்ததே தோட்டத்து உணவில் பெரிய இழப்பு என்று கொள்வதற்கு இடமுண்டு.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பழைய கணக்கை மீண்டும் தலைகீழாக்கியது. உக்ரேன் போரும், அந்த மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்கு விதித்த தடையும், இலங்கை ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்து மாவின் விலையைக் கிலோ 400 ரூபாய் அளவுக்குத் தள்ளின. 2021இல் வர்த்தமானி வாயிலாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாயாக இருந்தது. எண்பது ஆண்டுகளாக மலிவு என்பதாலும் உண்ணப்பட்ட பொருள் அரிசியைவிட விலை ஏறியபோது, குடும்பங்கள் ரொட்டியை மெலிதாகத் தட்டவும் வேளைகளைக் குறைக்கவும் தொடங்கின. குரக்கன் என இலங்கையில் வழங்கும் கேழ்வரகுக்கு மாற எண்ணியோருக்கு, மூதாதையர் வறுமையின் உணவாய் விட்டுவந்த அந்தத் தானியம் இப்போது ஆரோக்கிய உணவென்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படுவது தெரிந்தது.

நுவரெலியா மாவட்டம் நாட்டின் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் பெயர்பெற்றது. தலவாக்கலைப் பகுதியின் தோட்டக் குடும்பங்கள் ஓய்வு வேளைகளில் விளைவிக்கும் மரக்கறியிலும் நல்லது வியாபாரியின் சாக்குக்கும், முறிந்ததும் சிறுத்ததும் வீட்டுச் சட்டிக்கும் போவதே வழக்கம், ஏனெனில் அக்காசில் பள்ளிச் செலவும் மருந்தும் அடங்கியுள்ளன. 2015க்குப் பின் தனிவீட்டுத் திட்டங்களின் கீழ் சில குடும்பங்களுக்கு உறுதி எனப்படும் உரிமைப்பத்திரத்தோடு வழங்கப்பட்ட ஏழு பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர் ஆகும்; வீட்டுக்கும் முற்றத்துக்கும் போக எஞ்சும் பங்கில் இரண்டு கீரைப் பாத்தியும் ஒரு சவ்சவ்ப் பந்தலும் ஒரு கோழிக்கூடும் அடங்கும், நாள்தோறும் ஒரு கைப்பிடி பச்சையிலைக்கு அது போதும். உறுதி கிட்டாமல் லயத்திலேயே தங்கியிருக்கும் பெரும்பகுதியினருக்கு, நட்ட பாத்தி அடுத்த நிருவாகத்தின் காலத்திலும் தமதாயிருக்குமா என்ற கேள்வி தீராததால், மூன்று மாதத்தில் பலன் தரும் போஞ்சிக்கு மேல் எதையும் நடத் துணிவதில்லை. ஆண்டுக்கணக்கில் காய்க்கும் மரத்தக்காளியும் கொய்யாவும் உறுதி உள்ள வீடுகளில்தான் வேலியோரம் நிற்கின்றன.